வேர்க்காத பாட்டில்

கலர் பாட்டிலுக்குச் சட்டை மாட்டுவது வ. புதுப்பட்டிப் பக்கத்துக்குப் புதிது. தண்ணீர்ப் பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி கட்டுவது பழையது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்ற எண்ணம் விற்பவரிடமும் இருக்கிறது, வாங்குபவரிடமும் இருக்கிறது. நியோப்ரீன் உறையை வாங்கி நனைத்து மாட்டுகிறவர் உண்டு. ஐஸாக உறைந்த பாட்டிலை எடுத்து ஈரத்துண்டில் சுற்றுகிறவரும் உண்டு. இருவரும் தவறான கருவியைத் தவறான நேரத்தில் பயன்படுத்துகிறார்கள். உறை, வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கிறது. ஈரத்துணி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒன்று காவல், மற்றொன்று செலவு. இவற்றை ஒரே தராசில் நிறுத்துவது திறனாய்வில் அடிக்கடி நடக்கும் பிழை. கீர்த்தனையையும் தெம்மாங்கையும் ஒரே இலக்கணத்தால் அளப்பதற்கு நிகரானது.

எனவே அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். வத்திராயிருப்பை ஒட்டிய இந்த ஊரின் ஒரு கோடைப் பிற்பகலை எடுத்துக்கொள்வோம்: நிழலில் 38 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம். இந்த நிலையில் இரண்டு வெப்பநிலைகள் முக்கியம். 17 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். அதாவது பாட்டில் வேர்க்கும். நிழலில், காற்று அசையாத இடத்தில் ஈரத்துணி எவ்வளவு நேரம் உலர்ந்தாலும் 26 டிகிரி வாக்கில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. இனி வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே அமையும். கடையின் குளிர்பெட்டியிலிருந்து வெளிவரும் கலர் 6 டிகிரியில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குகள் தோராயமானவை, ஆனால் எது எதைவிட மேல் என்று தீர்மானிக்க இந்தத் தோராயம் போதும்.

இரண்டு கருவிகளுக்கும் தனித்தனி வம்சம் உண்டு. உறையின் முன்னோர் மரத்தூளும் உமியும் வைக்கோலும். அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றிய டியூடர் நிறுவனம், 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஐஸ் பாரின் மேல் உமியைக் கொட்டிச் சாக்கை மூடும் நம்மூர்க் கைவேலையும் அதே கொள்கைதான்: அசையாத காற்றைச் சிறைப்பிடித்து வெப்பத்தை மெதுவாக்குவது. நியோப்ரீன் அந்தக் காற்றை ரப்பர்க் குமிழ்களுக்குள் அடைத்தது. டியூபான் நிறுவனத்தில் 1930இல் பிறந்த இந்தச் செயற்கை ரப்பர், நுரையாக்கப்பட்டு முக்குளிப்போரின் உடையானது. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பீர் பாட்டிலின் உடையானது. ஆஸ்திரேலியக் கல்யாணங்களில் மணமக்கள் பெயர் அச்சிட்ட உறையை விருந்தினருக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். நமது தாம்பூலப்பையின் இடத்தை அங்கே அது பிடித்திருக்கிறது. விளம்பரப் பரப்பாகவும் நினைவுப் பொருளாகவும் அது பெற்ற வெற்றி, கருவியாக அது பெற்ற வெற்றியைவிடப் பெரியது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

ஈரத்துணியின் முன்னோர் மண்பானை. லாரியின் முன்பக்கம் தொங்கிய கேன்வாஸ் தண்ணீர்ப் பையும், காக்கிக் கம்பளி போர்த்திய என்.சி.சி. தண்ணீர்க் குடுவையும் அதே குடும்பம்.

முதலில் உறை. சந்தையில் பரவலாகக் கிடைப்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. வெற்றுக் கேன் ஒன்றைக் காற்று அசையாத நிழலில் வைத்தால், 330 மில்லி கலர் 20 நிமிடத்தில் 6 டிகிரியிலிருந்து 15 வரை ஏறிவிடும். முழுவதும் மூடிய உறைக்குள் அதே கேன் 11 டிகிரியில் இருக்கும். உள்ளே நுழையும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிறது. மூன்று மில்லிமீட்டர் நுரைக்கு இது கணிசமான சாதனை. விளம்பரங்களின் ‘மணிக்கணக்கில் ஜில்’ என்ற வாக்குறுதியோடு ஒப்பிட்டால் இது சிறியது. பொருளின் கனத்தோடு ஒப்பிட்டால் பெரியது. நியாயமான விமர்சகர் இரண்டாவது ஒப்பீட்டையே கொள்வார்.

அந்தப் பாதியில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் உறையின் உண்மையான குணம் தெரியும். வெப்பம் கேனுக்குள் வரும் வழிகளில் ஒன்று, காற்று நேராகத் தொட்டுச் சூடாக்குவது. மற்றொன்று கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கில் வராதது: வேர்ப்பது. நீராவி துளியாகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைப் பாட்டிலிடம் கொடுத்துவிடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டுரன், டார்கன் ஃப்ரியர்சன் இருவரும் 2013இல் இதைச் சோதித்து எழுதினார்கள். கேனின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் படியும் ஈரம் மட்டுமே உள்ளிருக்கும் பானத்தை 5 டிகிரி சூடாக்கப் போதும் என்பது அவர்கள் கணக்கு. உறையின் தலையாய வேலை வெப்பத்தைத் தடுப்பதைவிட வேர்ப்பதைத் தடுப்பதே என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. உறை பற்றிய பேச்சில் இன்று அது வேதவாக்கு.

வேதவாக்கையும் ஊர் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். அந்த முடிவு வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்கு முழுதாகப் பொருந்தும். சென்னையின் கடற்காற்றில், 34 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள மாலையில், வெற்றுக் கேனுக்குள் வரும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வேர்ப்பதால் வருகிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இது ஏறத்தாழச் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் நம் பக்கத்தில், சித்திரை வைகாசியின் காய்ந்த பிற்பகலில், அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இங்கே பாட்டில் வேர்க்கும். ஆனால் கடற்கரையில் வேர்ப்பதுபோல் வேர்க்காது. கேனைச் சூடாக்கும் முதல் எதிரி இங்கே சுடுகாற்றுதான். ஆகவே உறை இங்கே தன் ஆகச் சிறந்த திறமையைக் காட்டும் வாய்ப்பைப் பெறுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் ஏறும்போது வாய்ப்பு வருகிறது. அப்போது யாரும் கலர் கேட்பதில்லை.

கைச்சூட்டிலும் இதே இடமாற்றம் நடக்கிறது. குளிர்நாட்டில் பிறந்த பொருளுக்குக் கைதான் எதிரி. சுற்றியிருக்கும் காற்று 20, 25 டிகிரி, உள்ளங்கை 33. இங்கே காற்று உள்ளங்கையைவிடச் சூடு. இருந்தாலும் உறைக்கு உரிய மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். தொட்டுக்கொண்டிருக்கும் கை, தொடாத காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைத் தருகிறது. விரல் மரக்காமல் பிடிக்கவும், ஈரத்தில் கண்ணாடி வழுக்காமல் இருக்கவும், மேசையில் வளையம் விழாமல் இருக்கவும் உறை உதவுகிறது. இவை துணைப்பயன்கள்தாம், ஆனால் குறையின்றி நிறைவேறுபவை. முதன்மைப் பயனில் நடுத்தரமாகவும் துணைப்பயனில் முதல்தரமாகவும் இருக்கும் படைப்புகள் இலக்கியத்திலும் உண்டு.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. கடைகளில் தொங்கும் உறைகளில் பெரும்பாலானவை கருப்பு. அழுக்குத் தெரியாது, அச்சு எடுப்பாக விழும் என்பது காரணமாக இருக்கலாம். வெயிலில் நிற்கும் கருப்பு உறை உறிஞ்சும் வெப்பத்தில் பாதிக்கு மேல் உள்ளேதான் இறங்குகிறது. பளபளப்பான வெள்ளிநிறக் கேனோ அந்த வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடுகிறது. இரண்டையும் கணக்கிட்டால், நிழலில் கருப்பு உறை சேமித்துத் தந்ததை நடுப்பகல் வெயில் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பைக்கின் முன்கூடையிலோ வரப்பின் மேலோ வைக்கும் கேனுக்குக் கருப்பு உறை இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கருநிறக் கலர் நிரம்பிய தெளிவான பிளாஸ்டிக் பாட்டில் தானே வெயிலை விழுங்கும் என்பதால், அதற்கு மட்டும் இந்தக் குற்றச்சாட்டு மட்டுப்படும். வெள்ளை உறை செய்ய ஒரு பைசா அதிகமாகாது. செய்யாதிருப்பது வடிவமைப்பாளரின் சோம்பல்.

இரண்டாவது குறை அடிப்பாகம். தட்டையாக மடித்து அஞ்சலில் அனுப்பும் வசதிக்காக, அடியில் திறந்துவிட்ட உறைகள் ஏராளம். மேல்மூடி ஏற்கனவே திறப்பு. அடியும் திறந்தால் கேனின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காப்பே இல்லாமல் போகிறது. பாதியாகக் குறைந்திருந்த வெப்பம் பத்தில் ஆறு பங்காக ஏறிவிடும். குறை சிறியதுதான். ஆனால் பொருளின் நோக்கத்தை விட்டு அனுப்புகிற வசதிக்குப் பணிந்த குறை என்பதால் அதை மன்னிக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, அளவுப் பொருத்தமின்மை. இந்த உறை 330, 375 மில்லி கேனுக்குப் பிறந்தது. விருதுநகர் மாவட்டத்தின் குளிர்பான மரபு கேனில் வளர்ந்ததல்ல. 1916இல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவும், அதன் அக்கம்பக்கத்துக் கலர்களும், திருப்பிக் கொடுக்க வேண்டிய கனத்த கண்ணாடிப் பாட்டிலில் வளர்ந்தவை. கோலி சோடாவும் அப்படியே. ஹைரம் காட் 1872இல் உரிமம் பெற்ற அந்தக் கழுத்து நெளிந்த பாட்டிலுக்கு எந்த உறையும் ஒழுங்காகப் பொருந்தாது. பொருந்த வேண்டிய தேவையும் இல்லை. கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் குடித்து, பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும் பானத்துக்கு நான்கு நிமிடக் குளிர் போதும். அந்த நான்கு நிமிடத்தில் வெறும் பாட்டிலில் ஏறுவது இரண்டு மூன்று டிகிரி. அதைப் பாதியாக்கிப் பயனில்லை. ஆக, மண்ணின் பழைய பானமுறைக்கு இந்த உறை தேவையற்றது. அது அதன் குற்றமும் அல்ல.

தேவை பிறப்பது பானம் கடையை விட்டு நடக்கத் தொடங்கும்போது. கண்ணாடி போய்ப் பிளாஸ்டிக் வந்த பிறகு, 600 மில்லியும் ஒரு லிட்டரும் 2.25 லிட்டரும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பஸ்ஸுக்கும் போகின்றன. எம்.ஆர்.பி.க்கு மேல் ‘கூலிங் சார்ஜ்’ என்று ஓரிரு ரூபாய் கூடுதலாக வாங்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. சட்டப்படி அது கூடாது. கேட்டால் கரண்ட் பில்லைக் காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கிய அந்தக் குளிர், கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாறுவதற்குள் கரைந்துபோகிறது. கலருக்கு அது இரட்டை இழப்பு. 5 டிகிரியில் பானத்தில் கரைந்து நிற்கக்கூடிய கரியமில வாயுவில் பாதிதான் 25 டிகிரியில் நிற்கும். திறந்ததும் சீறிக்கொண்டு போய்விடும். சூடான கலர் வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஆவதன் காரணம் நாக்கில் மட்டும் இல்லை, இந்த வாயுவிலும் இருக்கிறது. ஆகவே குளிர்காப்பு தண்ணீருக்கு வசதி என்றால், கலருக்கு அது உயிர்.

இந்த நடைபோடும் பானத்துக்கு மக்கள் கைவசம் வைத்திருக்கும் மாற்றுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நாளிதழில் சுற்றுவது: டாஸ்மாக் வாசலில் அதன் நோக்கம் மறைப்பது, குளிர்காப்பு தற்செயல். நான்கைந்து சுற்றுச் சுற்றினால் மடிப்புகளுக்கிடையே நிற்கும் காற்று உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் வேர்வையில் நனைந்ததும் காகிதம் காப்பை இழந்து கூழாகிறது. பத்து நிமிடக் கலைஞன். தெர்மாகோல் கூடு: காப்பில் நியோப்ரீனைவிட மேல், விலையிலும் மலிவு, ஒரு தடவை விழுந்தால் உடையும், உடைந்த வெண்மணிகள் கண்மாய்க்குப் போய்ச் சேரும். வெள்ளித்தாள் பூசிய பை: வெயிலை மறுப்பதில் ஒன்றாம் இடம், ஆனால் பாட்டிலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் பளபளப்பு மட்டும் காற்றின் சூட்டைத் தடுக்காது. வெற்றிடச் சுவர் கொண்ட எஃகுப் பாட்டில் இந்தப் போட்டியிலேயே சேராது; அது எல்லோரையும் வென்றுவிடும். ஆனால் கலரை அதில் ஊற்றும்போதே வாயுவில் ஒரு பகுதி போய்விடும். எஃகுப் பாட்டிலுக்கே நியோப்ரீன் உறை வாங்கி மாட்டுகிறவர்கள் கீறல் விழாமல் காக்கிறார்கள் என்று கொள்வோம்.

இப்போது ஈரத்துணி. இதை நாட்டுப்புற ஞானம் என்று புகழ்ந்து ஒதுக்குவதும், ஏழையின் ஃப்ரிட்ஜ் என்று பரிதாபப்பட்டு ஒதுக்குவதும் ஒரே அவமதிப்பின் இரு வடிவங்கள். அதற்கும் அதே கறாரான அளவுகோல்தான் மரியாதை. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர்கள் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைப் பழைய சேலைத்துணியிலோ சாக்கிலோ தைத்து, நனைத்து, வேப்பங்கிளையில் தொங்கவிடுகிறார்கள். குழாயில் 34 டிகிரியில் பிடித்த தண்ணீர் 26 வரை இறங்க, ஏறத்தாழ 14 கிராம் ஈரம் ஆவியானால் போதும் என்கிறது கணக்கு. சுற்றியுள்ள காற்றும் துணியைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால், நடப்பில் அதைப்போலப் பல மடங்கு ஆவியாக வேண்டியிருக்கும். ஆனாலும் ஒரு டம்ளர் தண்ணீரைச் செலவழித்து ஒரு பாட்டிலை எட்டு டிகிரி குளிர்விப்பது, மின்சாரமில்லாத இடத்தில் எளிதில் எட்டாத திறன். நியோப்ரீன் உறை கோடி ரூபாய் விலையானாலும் 34 டிகிரித் தண்ணீரை 33 ஆக்காது.

மண்பானையிடமிருந்து ஒரு படி முன்னேற்றமும் இதில் உண்டு. பானையில் கசிவும் கலமும் ஒன்றே. உப்புத்தண்ணீர் ஊறி வெள்ளை பூத்து நுண்துளை அடைபட்டால் பானை சாகும். புதிது வாங்க வேண்டும். துணியில் கசிவு வேறு, கலம் வேறு. துணி கெட்டால் துவைக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் சுவர் மெல்லியது. வெப்பம் வெளியேற அது பெரிய தடையல்ல. ‘பிளாஸ்டிக்கில் எப்படிக் குளிரும்?’ என்று கேட்பவர்கள், குளிர்விப்பது பாட்டில் அல்ல, உலரும் துணி என்பதைக் கவனிப்பதில்லை.

துணியின் தேர்வில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர். தறியிலிருந்து இறங்கும் கோராத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகு இருக்கும். தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. பேண்டேஜ் துணி அந்த மெழுகு போகும்வரை வேகவைத்து வெளுத்தது, தொட்டதும் குடிக்கும். அதன் குறை, நெசவு மிகவும் அலசல். ஒற்றை மடிப்பு பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஏழெட்டு மடிப்புச் சுற்றினால் ஈரம் நிற்கும், காற்றும் ஊடுருவும். சாக்கு ஈரத்தை நிறையத் தாங்கும், ஆனால் முதல் தடவை நனைய மறுக்கும், சில நாளில் நாறும். பலமுறை துவைத்த பருத்தி வேட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாலியெஸ்டர் சேலை இந்தப் போட்டியில் தோற்றது. தண்ணீரை அது பிடித்துவைப்பதில்லை. இன்று பரண்மேல் கிடக்கும் பழைய சேலைகளில் பெரும்பாலானவை அந்த இனம் என்பதால், ‘அம்மா கட்டிய துணியில் குளிர்ந்தது, நான் கட்டினால் குளிரவில்லை’ என்ற புகாருக்கு விடை அங்கே கிடைக்கும்.

ஆனி ஆடியில் மலையிடுக்கு வழியே இறங்கும் காற்று இந்தக் கருவிக்குப் பெரும் துணை. காற்று வேகமாக அடித்தால் துணியின் வெப்பநிலை 26க்கும் சற்றுக் கீழே போகும். அங்கே போய்ச் சேரும் வேகமும் கூடும். நடுநிலை கருதி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: காற்று உறைக்கும் உதவுகிறது, வேறு விதத்தில். வெற்றுக் கேனைக் காற்று மிக வேகமாகச் சூடாக்கும். உறை போட்ட கேனை அந்த அளவுக்குச் சூடாக்க முடியாது. நிழலில் அசையாத காற்றில், வேர்ப்பதை விட்டுவிட்டு நேரான வெப்பத்தை மட்டும் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தடுக்கும் அதே உறை, பலத்த காற்றில் ஐந்தில் மூன்று பங்கைத் தடுக்கும்.

ஈரத்துணியின் தோல்வி எங்கே என்றால், அதை நாம் அதிகம் நம்பும் இடத்தில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 6 டிகிரிப் பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றும்போது, துணியும் அதே குளிருக்கு இறங்கி 17 டிகிரிக்குக் கீழே நிற்கிறது. அங்கிருந்து எந்த ஈரமும் ஆவியாகாது; மாறாகக் காற்றின் ஈரம் துணியின் மேல் படிந்து தன் வெப்பத்தையும் கொடுக்கும். தண்ணீர் நிறைந்த துணிக்குக் காப்பும் கிடையாது. முதல் அரைமணி நேரத்துக்கு ஈரத்துணி கட்டிய பாட்டிலுக்கும் வெறும் பாட்டிலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. நனைத்த தண்ணீர் தொட்டியில் கொதித்ததாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 17க்கும் 26க்கும் இடையில் துணி வெப்பம் ஏறுவதை மட்டுப்படுத்தும். 26ஐத் தொட்ட பிறகுதான் தன் பெயருக்கேற்ற வேலையைச் செய்யத் தொடங்கும்.

இரண்டையும் ஒரே காலக்கோட்டில் ஓடவிட்டால் தீர்ப்பு தெளிவாகிறது. ஒரு லிட்டர் குளிர்ந்த பாட்டில், நிழல். ஒரு மணி நேரத்தில் வெறும் பாட்டில் 22, 23ஐத் தொடும். உலர்ந்த உறையில் 17. இங்கே உறையின் வெற்றி ஐயத்துக்கிடமற்றது. இரண்டு மணி நேரம் வாக்கில் உறையும் ஈரத்துணியும் 24, 25இல் சமமாகின்றன. மூன்று மணி நேரத்தில் உறைக்குள் 29. துணிக்குள் அதே 26, துணி நனைந்திருக்கும் வரை மாலையானாலும் 26. பஸ்ஸில் திருவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவருக்கு உறை. தாணிப்பாறையில் தொடங்கிச் சதுரகிரிக்கு மணிக்கணக்கில் ஏறுகிறவருக்கு ஈரத்துணி. ஏறும் வழியில் துணி மரநிழலிலும் மலைக்காற்றிலும் கிடக்கிறது. நனைக்க மட்டும் நினைவு வேண்டும்.

இரண்டின் நன்மையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்கு வரலாற்றில் ஒரு விடை ஏற்கனவே உண்டு, தோல்வியுற்ற விடை. என்.சி.சி. குடுவையின் கம்பளிப் போர்வை உலர்ந்திருந்தால் காப்பு, நனைந்திருந்தால் குளிர்விப்பு. ஒரே அடுக்கிடம் இரண்டு வேலையைக் கேட்டதால், ஒன்றைச் செய்யும்போது மற்றது போய்விடுகிறது. ஒருங்கிணைவு என்பது இரண்டையும் ஒரே இடத்தில் திணிப்பதல்ல. உள்ளே உலர்ந்த உறை, வெளியே ஈரத்துணி என்று அடுக்கைப் பிரிப்பது.

அது சரியான வடிவம். ஆனால் சந்தையிலுள்ள 3 மில்லிமீட்டர் உறைக்கு மேல் ஈரத்துணியைச் சுற்றினால், தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் லாபம் ஏறத்தாழப் பூஜ்யம். காரணம் சுவையானது. மெல்லிய உறையின் வெளிப்பரப்பே, உள்ளிருக்கும் குளிரால் 17 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பில் துணி உலர மறுக்கிறது. உறை 6 மில்லிமீட்டராகத் தடித்தால் வெளிப்பரப்பு சூடாகவே நிற்கும், துணி உலரும். உள்ளே வரும் வெப்பம் இன்னும் ஏழில் ஒரு பங்கு குறையும், ஆடிக்காற்றில் பத்தில் மூன்று பங்கு குறையும். அதாவது மெல்லிய உறை, தானும் நடுத்தரமாக இருந்துகொண்டு துணையையும் வேலை செய்யவிடுவதில்லை. தடிமனை இரட்டித்திருந்தால் கிடைத்திருக்கும் ஒரு முழுமையை, மடித்துப் பையில் வைக்கும் வசதிக்காகப் பலியிட்டிருக்கிறார்கள். இந்தப் பொருளின் மையக் குறை இதுதான். கருப்பு நிறமும் திறந்த அடியும் அதன் கிளைகள்.

ஆகவே தீர்ப்பு. கேனுக்கான 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் உறை, கடற்கரை ஊர்களில் வாங்கத் தக்கது, வ. புதுப்பட்டியின் கோடையில் கைக்கு நல்ல உறை, பானத்துக்கு அரைகுறை உறை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் வெளிர்நிறத்தில், அடி மூடியதாக வாங்கலாம். தண்ணீருக்கு, நாள் முழுதும் வெளியில் நிற்கிறவருக்கு, வெளுத்த பருத்தியின் ஈரத்துணியை எந்த உறையும் இங்கே இடம்பெயர்க்கவில்லை. ஒரு லிட்டர் கலரை மணிக்கணக்கில் தூக்கிப் போக வேண்டியவருக்கு, 6 மில்லிமீட்டருக்குக் குறையாத, கழுத்துவரை ஜிப் ஏறும், அடி மூடிய உறையும் அதன்மேல் பல மடிப்புப் பேண்டேஜ் துணியும் சேர்ந்த இரட்டை அடுக்கையே பரிந்துரைக்கிறேன். உறையின் ஓரங்கள் ஒட்டப்பட்டவையா, தைக்கப்பட்டவையா என்று பார்த்து வாங்க வேண்டும். தையலின் ஒவ்வொரு ஊசித் துளையும் வெளியிலிருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக் குளிர்ந்த பாட்டிலின் மேல் படரவிடும். அப்படி நனைந்த உறை பழையபடி கம்பளிக் குடுவையின் நிலைக்கே போய்விடும்.